கமராவில் ஒட்டிய பொட்டு

சுவரில் ரீவி மாட்டும்போது எங்கள் சனம் விடுகிற பிழை ஒன்றுதான் ஐயா, உயரத்தில் மாட்டுவது. சாமிப்படம் மாட்டிப் பழகின கை. ஆணி அடிக்கச் சொன்னால் அது தன்பாட்டில் அந்த உயரத்துக்குத்தான் போகும். பிறகு வீட்டில் எல்லோரும் பிறை பார்க்கிறமாதிரி அண்ணாந்துகொண்டு இருப்பார்கள். கழுத்து நோவுக்கு எண்ணெய் பூசுவார்களே ஒழிய ரீவியை இறக்கமாட்டார்கள். நான் போன வீடுகளில் எல்லாம் இறக்கித்தான் மாட்டுவித்தேன். கதிரையில் இருக்கிறவரின் முகமும் ரீவியின் முகமும் நேருக்கு நேர் இருக்கவேண்டும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், கமராவில் ஆட்கள் தெரியவேண்டும் என்றே ரீவியைப் பதிவாக, இறக்கி மாட்டினேன் என்று இராசசிங்கம் மாஸ்டர் பொலிசில் கொடுத்த முறைப்பாட்டில் சொல்லியிருப்பதாக வாசித்துக் காட்டினீர்கள். அது அரைவாசி உண்மை. கழுத்துக்கும் நல்லதுதான்.

நான் ஒளிக்கிற ஆள் இல்லை. மாஸ்டர் வீட்டு ரீவியில் என்னுடைய ஈமெயில் இருந்தது உண்மை. வெளிநாட்டில் இருந்து லீவில் வந்த அவருடைய மகன் றோகான் அதைக் கண்டுபிடித்தான், கெட்டிக்காரப் பெடியன். என் போனில் இருந்து அந்த ரீவியின் கமராவைத் திறந்து வீட்டுக்குள் பார்த்தேன் என்பதும் உண்மை. மாஸ்டரின் மகள் நிஷானி சாப்பாட்டுக்கு முன் ஹோலில் இருந்து வயிற்றில் சீனிவருத்த ஊசி போடுவதைக் கண்டேன் என்பதும் உண்மை. ஆனால் அதை நான் போய் மாப்பிள்ளை வீட்டில் சொல்லிச் சம்பந்தத்தைக் குழப்பினேன் என்று ஒரு சொல் சொல்லியிருக்கிறாரே, அது பொய். வாகீசன் தரகர், அதாவது நான், வாய் இறுக்கம் இல்லாதவர் என்றும் சொல்லியிருக்கிறார். மற்ற எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுவேன். இதற்குப் போடமாட்டேன்.

இந்தத் தொழிலுக்கு நான் ஆசைப்பட்டு வந்தவன் இல்லை. என் தகப்பன் கிணறு வெட்டியவர். சுண்ணாம்புக் கல்லை அலவாங்கால் இடித்து, கடகத்தில் அள்ளி மேலே அனுப்புகிற வேலை. மீசை முளைக்க முன்னமே நானும் இறங்கினேன். கிணற்றுக்குள் நின்று பார்த்தால் வானம் ஒரு சோற்றுக் கோப்பை அளவுதான். பிறகு கோப்பாயிலும் அச்சுவேலியிலும் வெங்காய மூட்டை ஏற்றினேன். ஒருநாள் லொறிக்கும் மூட்டைக்கும் நடுவில் முள்ளந்தண்டு போதும் என்றது. இனிப் பாரம் தூக்கினால் படுக்கைதான் என்று டொக்டர் சொன்னார். பாரம் தூக்காமல் பிழைக்க எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் தெரியாது. உடம்பு முழுக்கத் தேடிப் பார்த்ததில் நோகாத உறுப்பு வாய் ஒன்றுதான் மிஞ்சியது. கலியாணத் தரகர் ஆனேன்.

இதில் பாரம் விசாரிப்பதுதான். ஒரு சம்பந்தம் வந்தால் இரண்டு வீட்டாரும் ஊருக்குள் விசாரிப்பார்கள், உங்களுக்குத் தெரியாததா. சலூனில் கேட்பார்கள், கோயில் வாசலில் கேட்பார்கள், பக்கத்து வீட்டுப் படலையில் சைக்கிளைச் சாத்திவிட்டு, தண்ணீர் விடாய்க்கிறது என்று சொல்லி உள்ளே போய்க் கேட்பார்கள். எங்கே கேட்டாலும் ஒரே பதில்தான் கிடைக்கும்: தங்கமான குடும்பம். கசிப்புக் காய்ச்சுகிறவனும் தங்கம், மறியலில் கம்பி எண்ணி வந்தவனும் தங்கம். பக்கத்து வீட்டுக்காரன் வேறென்ன சொல்லுவான், நாளைக்கும் அதே ஒழுங்கையால் நடக்கவேண்டியவன். இந்தத் தங்கத்தை நம்பி நான் பொருத்திய ஒரு மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்ததும் வலிப்பு வந்து விழுந்தார். மேளகாரர் கெட்டிமேளத்தை நிறுத்துவதா விடுவதா என்று தெரியாமல் என்னைப் பார்த்தார்கள். பெண்ணின் தமையனும் என்னைப் பார்த்தான். அவன் பார்த்தது வேறு விதமாக.

பிறகு ஸ்மார்ட் ரீவி வந்தது. கனடா மாப்பிள்ளை, சுவிஸ் மாப்பிள்ளை எல்லோரும் அங்கிருந்தபடியே பெண் பார்க்கத் தொடங்கினார்கள். போனில் பார்த்தால் பெண் தீப்பெட்டிப் படம் அளவுதான். கமரா உள்ள பெரிய ரீவி என்றால் பிள்ளை தேத்தண்ணித் தட்டத்தோடு நடந்து வருவதும், தாய் பின்னால் நின்று சேலையை இழுத்துவிடுவதும் இரண்டு பக்கமும் ஆளளவுக்குத் தெரியும். அச்சுவேலிச் சந்தைக்குப் பக்கத்தில் ரீவிக் கடை வைத்திருக்கிற ஜெரிசனோடு சேர்ந்தேன். பெண் பார்க்கிற வீட்டை நான் காட்டுவேன், அவன் ரீவியைக் கொண்டுவந்து சுவரில் பூட்டுவான்.

பூட்டி முடிந்ததும் ரீவி கேள்வி கேட்கத் தொடங்கும். சம்மதமா, அனுமதிக்கிறீர்களா, கமராவைத் திறக்கலாமா என்று ஒன்றுக்குப் பின் ஒன்றாக வரும். வாயாலும் பதில் சொல்லலாம் என்று ஜெரிசன் சொல்லுவான். கோப்பாயில் நல்லம்மா அக்கா பள்ளிக்கூடப் பிள்ளைபோல நிமிர்ந்து இருந்து, உரத்து "ஓம்" என்றா. ரீவிக்கு எங்கள் ஓம் விளங்காது. அது இந்தியாவில் தமிழ் படித்த ரீவி. உடனே ஓம் ஓம் என்று ஒரு பக்திப் பாட்டைப் போட்டது.

"உதென்ன இது, நான் சம்மதமெண்டெல்லோ சொன்னனான்."

"அக்கா, உதுக்கு ஓம் விளங்காது. ஆமா எண்டு சொல்லுங்கோ" என்றான் ஜெரிசன்.

"நான் என்னத்துக்கடா ஒரு ரீவிக்கு ஆமா போடோணும்?"

திரும்பவும் ஓம் என்றா. திரும்பவும் பாட்டு வந்தது. கடைசியில் ஜெரிசனே றிமோட்டால் எல்லாவற்றுக்கும் சம்மதம் அமத்தினான். எந்த வீட்டிலும் ஒருவரும் ஒரு வரி வாசித்தது கிடையாது. முடிவில் ரீவி ஈமெயில் கேட்கும். அந்த இடத்தில் வீடு முழுக்க என்னைத் திரும்பிப் பார்க்கும். "மகன் அங்கை இப்ப நித்திரை. தம்பி, உம்மடையைப் போட்டுவிடுமன்." போட்டுவிட்டேன். உதவிக்குத்தான் போட்டேன்.

பிறகொருநாள் பஸ் வரக் காணவில்லை என்று போனை நோண்டிக்கொண்டு நின்றேன். ரீவிக் கொம்பனியின் செயலிக்குள் 'வீட்டைப் பார்' என்று ஒன்று இருந்தது. அமத்தினேன். நல்லம்மா அக்கா கதிரையில் இருந்து முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தா.

ஐயா, அதுவரை நான் எத்தனையோ வீடுகளுக்குள் போய் இருந்திருக்கிறேன். ஒரு வீட்டையும் பார்த்ததில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தரகர் வருகிறார் என்றால் இடுப்பில் கட்டிய சாரம் வேட்டியாகிவிடும். ஆள் இல்லாதபோதுதான் வீடு வீடாக இருக்கிறது. ஊருக்குள் மடிப்புக் கலையாமல் திரிகிற ஒரு தலைமை வாத்தியார் பேரப்பிள்ளைக்கு முன்னால் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடுவார். நன்றாகவே ஆடுவார். விரதம் என்று சொல்லி என்னிடம் தேத்தண்ணிகூட வாங்காத மனிசி ரீவிக்கு முன்னால் சப்பாணி கட்டி இருந்து நண்டுக்கால் உடைப்பா. பஸ்ஸில் சிரிப்பு வந்தால் இருமிச் சமாளிப்பேன். ஒன்றையும் ஒருவரிடமும் சொன்னதில்லை. பொருத்தம் பார்க்க மட்டும் பாவித்தேன். வாய்க்காரிக்குப் பொறுமைசாலி, சிக்கனக்காரனுக்குச் சிக்கனக்காரி. அதன்பிறகு என் கையால் நடந்த கலியாணங்கள் பிசகவில்லை. குறிப்புப் பார்த்த சாத்திரியார் தன் கெட்டித்தனம் என்றார். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நான் பார்க்கிறபோது கமராவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பச்சை லைற் எரியும். ஒரு வீட்டிலும் ஒருவரும் அதைக் கவனித்ததில்லை. ஆரணி மட்டும் கவனித்தாள்.

ஆரணியின் பெயர் முறைப்பாட்டில் இல்லை என்று எனக்குத் தெரியும். நீங்கள் கேட்கவும் இல்லை. ஆனால் வாய் இறுக்கம் இல்லாதவன் என்று ஒரு மனிசனைச் சொல்லிவிட்டால், அவன் ஒரு உதாரணமாவது காட்டத்தானே வேண்டும்.

அளவெட்டியில் கனகாம்பிகை என்று ஒரு விதவைத் தாய் இருக்கிறா. ஒரே மகன் கீர்த்திகன், கந்தோரில் நல்ல வேலை. அங்கேயும் ஜெரிசன்தான் ரீவி பூட்டினான், அங்கேயும் என் ஈமெயில்தான். பெடியனைப் பற்றி அயலில் விசாரித்தேன்.

"உவன் சங்கீதப் பைத்தியம் அண்ணை. பின்னேரத்திலை நாதஸ்வரம் போட்டானெண்டால் எங்கடை குசினி வரைக்கும் கேக்கும்."

"கரைச்சல் இல்லையே உங்களுக்கு?"

"என்ன கரைச்சல். அளவெட்டியிலை இருந்துகொண்டு நாதஸ்வரம் கரைச்சல் எண்டு சொல்லேலுமே?"

உண்மைதான். நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் பெயர்போன ஊர். வேறு ஊரில் சத்தத்தைக் கூட்டி வைத்தால் சண்டைக்கு வருவார்கள். அங்கே தொடையில் தாளம் போடுவார்கள். நான் போனில் பார்த்தேன். கீர்த்திகன் முதலில் றிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டுவான். பிறகு றிமோட்டை மேசையில் நேராக வைப்பான். பிறகு தாயை அடிப்பான். கோபத்தில் அடிப்பதுபோல் இருக்காது, லொறியில் மூட்டை அடுக்குவதுபோல் இருக்கும். முடிந்ததும் சத்தத்தைக் குறைத்துத் தேத்தண்ணி கேட்பான். அவ போட்டுக்கொண்டு வருவா.

ஆடிப்போனேன் என்று நான் சொன்னால் அது நடிப்பு. நான் வளர்ந்த வீட்டில் அடி என்பது காற்று, மழை மாதிரி. பகல் முழுக்கக் கல் உடைக்கிற கைக்கு வீட்டுக்கு வந்தும் அடங்கத் தெரியாது. அப்பா செத்தபிறகும் அம்மா கனகாலம் இருந்துதான் போனா. ஆகவே அதை ஒரு குறை என்று மனதில் வைத்துக்கொண்டேன். வலிப்பு மாதிரி, சீனிவருத்தம் மாதிரி. குறை இல்லாத மாப்பிள்ளையை இதுவரை நான் கண்டதில்லை.

பெண் தேடச் சொன்னது தாய்தான். படலைவரை என்னோடு நடந்து வந்தா. அந்த வெயிலுக்குள் நீட்டுக்கைச் சட்டை போட்டிருந்தா.

"தம்பி, குறிப்பு கொஞ்சம் அப்பிடி இப்பிடி இருந்தாலும் பரவாயில்லை. வடிவும் வேண்டாம். பிள்ளை நல்ல தேகக்கட்டா இருக்கோணும்."

"ஏனக்கா, தோட்டம் கொத்தவே?"

அவ சிரிக்கவில்லை. "எனக்கு இனி ஏலாது தம்பி" என்றா.

எனக்குத் தெரியும் என்று அவவுக்குத் தெரியாது. ஆனாலும் இரண்டு பேரும் ஒரே விஷயத்தைத்தான் கதைத்துக்கொண்டு நின்றோம்.

கோப்பாயில் இராசநாயகம் அண்ணையின் ஒரே மகள் ஆரணி. தாய் இல்லாத பிள்ளை. நான் வெங்காய மூட்டை ஏற்றின காலத்தில் எல்லாத் தோட்டக்காரரும் எனக்குத் தேத்தண்ணியைக் கிணற்றுக்கட்டில் வைத்துவிட்டுப் போவார்கள். இராசநாயகம் அண்ணை கதிரை தந்து கையில் தந்தவர். ஆரணி முன்பள்ளியில் படிப்பித்தாள். பின்னேரத்தில் தகப்பனோடு நீரிறைக்கிற மெசினின் மறுபக்கத்தைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போவாள். எனக்குக் கீர்த்திகனின் தாய் கேட்டது ஞாபகம் வந்தது. பிள்ளையின் பக்கத்திலும் ஒரே ஒரு நிபந்தனைதான். வெளிநாடு வேண்டாம், நினைத்த நேரம் அப்பாவிடம் வந்துபோகிற தூரத்தில் இருக்கவேண்டும். அளவெட்டி அதற்குப் பொருந்தியது.

பேசி முடிகிற நேரம் என்னைக் குசினிப் பக்கம் கூப்பிட்டாள்.

"வாகீசன் மாமா, அப்பாவுக்கு ஆளை வித்துப்போட்டியள். இனி எனக்கு உண்மையைச் சொல்லுங்கோ. குடிக்கிறவரோ?"

"ஒரு சொட்டும் இல்லைப் பிள்ளை." அது உண்மை.

"கோவக்காரரோ?"

"கோவமில்லாத ஆம்பிளை ஆர்?"

"அது பதிலில்லை மாமா, அது கேள்வி" என்று சிரித்தாள். "என்ரை வகுப்பிலை நாலு வயசுப் பிள்ளையளும் உப்பிடித்தான் தப்பப் பாக்கிறவை."

"தங்கமான பெடியன் பிள்ளை" என்றேன்.

எப்படித் தெரியும் என்று கேட்டுவிடுவார்கள் என்ற பயத்தில் மறைத்தேன் என்று நினைக்கவேண்டாம். ஒரு வீட்டுக்குள் கண்டதை இன்னொரு வீட்டில் சொல்லுகிறவன் தரகர் இல்லை, கோள்காரன். ஒரு வீட்டுக் கதை அந்த வீட்டுச் சுவருக்குள்தான் இருக்கவேண்டும். நான் பார்த்தேன் என்பதற்காக அது என்னுடையது ஆகிவிடாது.

கலியாணம் நன்றாக நடந்தது. கீர்த்திகன் தெரிந்தெடுத்த நாதஸ்வரக் கோஷ்டி, குறை சொல்ல இடமில்லை. அதன்பிறகும் நான் இடைக்கிடை பார்த்தேன். கட்டிவைத்த சம்பந்தம் எப்படிப் போகிறது என்று பார்ப்பதில் என்ன பிழை. கன்று வைத்தவன் தண்ணீர் ஊற்றாவிட்டாலும் போய்ப் பார்ப்பான்தானே.

வந்த கொஞ்ச நாளிலேயே ஆரணி லைற்றைக் கண்டுவிட்டாள். வீடு கூட்டிக்கொண்டு வந்தவள் விளக்குமாற்றோடு நின்று, தலையைச் சரித்து, கிட்ட வந்து பார்த்தாள். அவளுடைய மூக்கு என் போன் முழுக்க நிறைந்தது. உள்ளே போய் வந்தாள். விரலை நீட்டினாள். என் போன் கருஞ்சிவப்பாகிவிட்டது. நெற்றியில் வைக்கிற ஒட்டுப்பொட்டு ஒன்றை எடுத்துக் கமராவின் கண்ணில் ஒட்டியிருந்தாள். ஐயா, எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. எத்தனை படித்த வீடுகள், எத்தனை பெரிய உத்தியோகக்காரர், ஒருவருக்கும் தோன்றாதது ஒரு பொட்டில் முடிந்துவிட்டது. அதை நான் மதித்தேன். பார்ப்பதை விட்டுவிட்டேன். பார்க்க ஒன்றும் இல்லை. சத்தம் மட்டும் கேட்டேன்.

சத்தத்தில் நாதஸ்வரம்தான் கூடுதலாகக் கேட்கும். முதலில் வாரத்தில் ஒருநாள், பிறகு அடிக்கடி. கனகாம்பிகையின் குரல் தெளிந்துவிட்டது. முன்பு முனகலாகப் பேசியவ இப்போது "பிள்ளை, அவருக்குத் தேத்தண்ணி" என்று கணீரென்று சொல்லுவா.

பிறகு ஒருநாள் காலையில் திறந்தேன். சிவப்பு இல்லை. பொட்டை உரித்துவிட்டாள். ஆரணி கதிரையை இழுத்துப் போட்டு ரீவிக்கு முன்னால் இருந்தாள். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. மற்றக் கண்ணால் நேரே லைற்றைப் பார்த்தாள். முன்பள்ளிப் பிள்ளைகளோடு கதைக்கிற குரலில், விளக்கமாக, மெதுவாகக் கதைத்தாள்.

"ஆர் பாக்கிறியளெண்டு எனக்குத் தெரியாது. பாக்கிறியளெண்டு மட்டும் தெரியும். பச்சை லைற் எரியுது. முந்தி நீங்கள் என்னைக் காணக்கூடாதெண்டு பொட்டு ஒட்டினனான். இப்ப நல்லாப் பாருங்கோ, எனக்கு வெக்கமில்லை. என்ரை போனை இவர் எடுத்து வைச்சிட்டார். வெளிப் படலைக்கு ஆமைப்பூட்டு. கோப்பாயிலை இராசநாயகம் எண்டால் ஆரும் சொல்லுவினம், அவர்தான் எங்கடை அப்பா. அவருக்கு ஒருக்காப் போன் எடுத்து, வந்து கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கோ. வேறை ஒண்டும் வேண்டாம்."

கதிரையை இன்னும் கொஞ்சம் ரீவிக்குக் கிட்ட இழுத்தாள்.

"நாடகம் பாக்கிற மாதிரிப் பாத்துக்கொண்டிருக்கிறியளோ? விளம்பரம் போற நேரத்திலையாவது ஒருக்கா எடுங்கோ."

அப்படியும் பகிடி விட்டாள். பிறகு தகப்பனின் நம்பரைச் சொன்னாள். எனக்கு அது மனப்பாடம்.

நான் போனை மூடிவிட்டேன். கலியாணமான பிள்ளை ஒருத்தி தனியே இருந்து மனம்விட்டுக் கதைக்கும்போது பார்த்துக்கொண்டிருப்பது முறையில்லை. அடுத்த நாளும் திறந்தேன், அடுத்த நாளும் அதே கதிரையில் இருந்து அதையே சொன்னாள். அடுத்த நாளும் மூடினேன். பிறகு அவளுக்கு என் மேல், என் மேல் என்றில்லை, பார்க்கிற ஆளின் மேல் ஒரு நம்பிக்கை வந்துவிட்டதுபோல இருந்தது. லைற் எரிந்தவுடன் முகம் தெளியும். "வந்திட்டியளோ" என்பாள். அது எனக்குச் சங்கடமாக இருந்தது. நான் ஒரு வாக்கும் கொடுக்கவில்லையே.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் அச்சுவேலியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இருந்தேன். போனைத் தண்ணீர்க் கிளாசில் சாத்தி வைத்துவிட்டுச் சாப்பிட்டேன். நாதஸ்வரம் போய்க்கொண்டிருந்தது. நான் சத்தத்தைக் குறைத்தேன், பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள். அன்றைக்கு என்ன காரணம் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. படலைப் பூட்டைப் பற்றி ஏதோ. றிமோட்டை அவன் நேராக வைக்கவில்லை, கதிரையில் எறிந்தான். அதைத்தான் நான் முதலில் கவனித்தேன். அவளைத் தலைமயிரில் பிடித்துக் குசினி வாசற்படியில் மோதினான். ஒருதரம் இல்லை. பிறகு அவன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றான். கனகாம்பிகை வந்தா, பழந்துணி எடுத்தா, துடைக்கத் தொடங்கினா. பிள்ளையை அல்ல, நிலத்தை.

ஆரணி அப்போது சாகவில்லை. விழுந்து கிடந்தபடி தலையை மெல்லத் திருப்பி லைற்றைத் தேடினாள். கண்டுபிடித்தாள். வாய் அசைந்தது.

அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. படம் சுருங்கி ஒரு மூலைக்குப் போனது. மேலே இராசநாயகம் அண்ணையின் பெயர்.

"வாகீசன், சாப்பிட்டாச்சோ?"

"இப்பதான் அண்ணை, சாப்பிட்டுக்கொண்டிருக்கிறன்."

"பிள்ளையின்ரை போன் வேலை செய்யுதில்லைப் போலை. மாப்பிளைக்கு எடுத்தால் குளிக்கிறா, படுக்கிறா எண்டுறார். கிழமை முழுக்கக் குளிக்கிறாளோ உவள்?" சிரித்தார். "இஞ்சை முருங்கைக்காய் காய்ச்சுக் கொட்டுது. கொஞ்சம் கட்டிக்கொண்டு மோட்டச்சைக்கிளிலை ஒருக்காப் போயிட்டு வரட்டோ? சொல்லாமல் கொள்ளாமல் போய் நிண்டால் சம்மந்தி வீட்டிலை ஒருமாதிரி நினைப்பினமோ எண்டுதான் உன்னட்டைக் கேக்கிறன்."

"நாளைக்குப் போங்கோ அண்ணை. சனிக்கிழமை அவை கோயிலுக்குப் போறவை."

"ஓமோம், அதுவும் சரிதான். பிள்ளை நல்லா இருக்கிறாள்தானே?"

மூலையில் இருந்த சின்னப் படத்தைப் பார்த்தேன்.

"நல்லா இருக்கிறா அண்ணை" என்றேன்.

அவர் வைத்ததும் படம் பழையபடி பெரிதானது. அவள் இன்னும் லைற்றைத்தான் பார்த்துக்கொண்டு கிடந்தாள். இந்தமுறை நான் மூடவில்லை. கடைசிவரை இருந்தேன். எவ்வளவு நேரம் என்று கேட்கிறீர்கள். கடைக்காரர் கோப்பையை எடுக்க வந்து, நான் இன்னும் முடிக்கவில்லை என்று திரும்பிப் போய், பிறகும் வந்து திரும்பிப் போனார். அவ்வளவு நேரம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அது காணும் என்று நீங்கள் நினைப்பது முகத்தில் தெரிகிறது. காணும்தான், நேரம் இருந்தது. போன் என் கையில்தான் இருந்தது. அயலில் தாளம் போட்டுக்கொண்டிருந்தவருடைய நம்பர்கூட என்னிடம் இருந்தது.

குசினியில் ஈரத்தில் வழுக்கி விழுந்ததாக எல்லாம் முடிந்தது. செத்தவீட்டில் பந்தல் வேலைக்கு நின்றேன். முள்ளந்தண்டு நோக நோகக் கதிரை இறக்கினேன். இராசநாயகம் அண்ணை அந்தப் பக்கம் வந்து என் கையைப் பிடித்தார். "அண்டைக்குப் போயிருந்தால் ஒருக்கா முகத்தைப் பாத்திருப்பன் வாகீசன். உன்னைக் கேட்டிட்டு நிண்டிட்டன்" என்றார். என் இடத்தில் வேறொருவன் என்றால் அந்த இடத்தில் உடைந்து எல்லாவற்றையும் கொட்டியிருப்பான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். இது தகப்பனுக்கே சொல்லாத கதை ஐயா. இவ்வளவையும் வயிற்றுக்குள் வைத்திருக்கிறவன், ஒரு பிள்ளை சீனிவருத்த ஊசி போடுவதைக் கொண்டுபோய் ஊரில் சொல்லித் திரிவானா. மருந்துக்கடையில் விசாரிக்கச் சொல்லுங்கள் இராசசிங்கம் மாஸ்டரை. ஓட்டை அங்கேதான் இருக்கும்.

நீங்கள் எழுதத் தொடங்கியதை நான் கவனிக்கவில்லை. ஆரணியின் பகுதியை வெட்டிவிடுங்கள். அதை நான் உதாரணத்துக்குத்தான் சொன்னேன், எழுதுவதற்கு அல்ல. ஈமெயில், கமரா, நான் பார்த்தது எல்லாவற்றையும் எழுதுங்கள், வாசிக்காமலே கையெழுத்துப் போடுகிறேன். இது கீர்த்திகன் வீட்டு விஷயம், வெளியில் போகக்கூடாது. பிள்ளையின் ஆண்டுத்திவசமும் முடிந்துவிட்டது. ஆவணியில் அவனுக்கு மறுபடி கலியாண எழுத்து வைத்திருக்கிறோம், நான்தான் பொருத்தினேன். பெண் வீட்டார் நல்ல சனம் ஐயா, காதில் விழுந்தால் வீணாக மனம் நோவார்கள்.